எந்த டிரைவர் எந்த இமேஜில்?

2020க்குப் பின் வந்த பல இன்டெல் மடிக்கணினிகளில் விண்டோஸ் நிறுவல் ஒழுங்காகத் தொடங்கும். எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரையில் மட்டும் வட்டுப் பட்டியல் காலியாக இருக்கும். எஸ்எஸ்டியில் பழுது ஏதும் இல்லை. 11ஆம் தலைமுறைச் சிப்புகளோடு மடிக்கணினிகளில் பரவிய விஎம்டி என்ற கட்டுப்பாட்டு அமைப்பின் பின்னால் அது இருக்கிறது. அதை அறியும் டிரைவர் நிறுவல் ஊடகத்தில் இல்லை. அதனால்தான் நிறைய கணினிகளைக் கவனிக்கும் ஐடி பிரிவுகள் ஸ்டோரேஜ் டிரைவரை முன்கூட்டியே நிறுவல் இமேஜுக்குள் சேர்த்துவிடுகின்றன. தேவையான வழக்கம் இது. ஆனால் பல இடங்களில் அது அளவு தெரியாமலும் இடம் தெரியாமலும் நடக்கிறது.

ஒலி, பிரிண்டர், வைஃபை டிரைவர்களை நிறுவல் முடிந்த பிறகும் போட்டுக்கொள்ளலாம். ஸ்டோரேஜ் டிரைவருக்கு அந்த அவகாசம் இல்லை. வட்டைத் திறக்கும் டிரைவரை அந்த வட்டிலிருந்தே எடுக்க வேண்டும் என்றால், சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். எக்ஸ்பி காலத்தில் எஃப்6 விசையை அழுத்தி, ஃபிளாப்பியிலிருந்து டிரைவரைக் கொடுத்தார்கள். விண்டோஸ் 7க்கு என்விஎம்இ எஸ்எஸ்டி ஆதரவைத் தனி ஹாட்ஃபிக்ஸாகச் சேர்க்க வேண்டியிருந்தது. வன்பொருள் எப்போதும் நிறுவல் ஊடகத்தை முந்திக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒருவர் பென்டிரைவோடு நிற்பதைவிட, விண்டோஸின் டிஸ்ம் கருவியால் இமேஜில் ஒருமுறை சேர்த்துவிடுவது வேலையையும் மிச்சப்படுத்தும், கைத்தவறையும் குறைக்கும்.

குறை தொடங்குவது இடத்தில். விண்டோஸ் ஊடகத்தில் கவனிக்க வேண்டிய இமேஜ்கள் மூன்று. நிறுவலைத் தொடக்குவது பூட்.விம். வட்டில் விரியும் இயங்குதளம் இன்ஸ்டால்.விம். அதற்குள் அடங்கியிருக்கும் மீட்புச் சூழல் வின்ஆர்இ.விம். பூட்.விம்மில் மட்டும் சேர்த்துவிட்டு இமேஜை வட்டில் விரித்தால், எல்லாம் முடிந்ததுபோல் தோன்றும்; மறுதொடக்கத்தில் ‘இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்’ என்ற நீலத்திரை வரும். இதையாவது அன்றே கண்டுபிடித்துவிடலாம். வின்ஆர்இயை மறந்தால் விளைவு தெரிய மாதங்கள் ஆகலாம். விண்டோஸ் பழுதாகி மீட்புத் திரைக்குப் போகிறவருக்கு, அங்கே தன் வட்டே தெரியாது. மிக அவசரமான நேரத்தில் கைவிடும் இந்தப் பிழைதான் இரண்டிலும் மோசமானது.

அடுத்தது அளவு. எதற்கும் இருக்கட்டும் என்று தயாரிப்பாளர் தரும் மொத்த டிரைவர் தொகுப்பையும் இமேஜில் கொட்டுகிறார்கள். பூட்.விம் முழுவதும் நினைவகத்தில் ஏறித்தான் இயங்குகிறது. நெட்வொர்க் வழியே பூட் செய்யும்போது, கூடும் ஒவ்வொரு மெகாபைட்டும் எல்லாக் கணினிக்கும் காத்திருப்பாகிறது. இன்ஸ்டால்.விம் 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 யுஎஸ்பியில் அடங்காது, துண்டுபோட வேண்டிவரும். அதைவிடப் பெரிய சிக்கல் பதிப்புகளில் இருக்கிறது. விஎம்டிக்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரின் எந்தப் பதிப்பும் எல்லாத் தலைமுறைச் சிப்புகளுக்கும் பொருந்தாது. பதிப்புகள் பல கலந்து கிடக்கும் இமேஜில் கோளாறு வந்தால், எது காரணம் என்று பிரித்தறிவது கடினம். புதிய விண்டோஸ் பதிப்பு வரும்போது இந்த வேலை முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும். யார், எதை, ஏன் சேர்த்தார் என்ற குறிப்பு இல்லாத அலுவலகத்தில் அந்த இமேஜைத் தொடவே பயப்படுவார்கள்.

பயாஸில் விஎம்டியை அணைத்துவிட்டால் போதும் என்பது மாற்று யோசனை. ஒற்றை எஸ்எஸ்டி கொண்ட புதுக் கணினியில், விண்டோஸின் சொந்த என்விஎம்இ டிரைவரே வேலையைப் பார்த்துக்கொள்ளும். அங்கே இது எளிய, நேர்மையான தீர்வு. ஆனால் ரெய்டு உள்ள கணினிக்கு இது ஆகாது. ஏற்கெனவே விஎம்டியோடு நிறுவிய விண்டோஸ், அமைப்பை மாற்றியதும் பூட் ஆகாமல் போகலாம். பயாஸை மீட்டமைத்தால் பழைய சிக்கல் திரும்பிவரவும் கூடும்.

எனவே சேர்ப்பதா வேண்டாமா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. எதைச் சேர்க்கலாம் என்பதற்குக் கேள்வி ஒன்று போதும்: இந்த டிரைவர் இல்லாமல் வட்டையோ நெட்வொர்க்கையோ எட்ட முடியுமா? முடியாதென்றால் பூட்.விம்மில் அதற்கு இடம் உண்டு. அதிலும் ஸ்டோரேஜ் டிரைவரை, கையிலுள்ள மாடல்களின் ஹார்டுவேர் ஐடியைப் பார்த்துத் தேர்ந்து, மூன்று இமேஜ்களிலும் சேர்க்க வேண்டும். மற்றவற்றை மாடல்வாரியாகப் பிரித்து, இமேஜ் வட்டில் விரிந்த பிறகு கொடுக்கலாம். புது மாடலுக்கு இமேஜ் தயார் என்று அறிவிக்கும் முன், அதே கணினியில் மீட்புத் திரையைத் திறந்து வட்டு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சில நிமிட வேலைதான். அதைச் செய்யாத இமேஜைப் பயனரிடம் தரக்கூடாது.