மருத்துவரின் நாவலும் தோட்டத்தின் நோயும்

குடியேற்ற நாடொன்றில் மருத்துவர் யாருக்காக நாடி பார்க்கிறார்? ஊவாவின் பெருந்தோட்ட வரலாற்றை நோக்குமிடத்து இவ்வினா தவிர்க்க முடியாததாகிறது. தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி அளிக்கவென 1872ஆம் ஆண்டில் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. அதனைக் கருணையின் விளைவென்று கொள்வதற்கில்லை. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும், விடியுமுன் பிரட்டுக்களத்தில் நிற்கத்தக்க உடல்கள் தேவைப்பட்டன. உழைப்புச் சக்தியைப் பழுதுபார்ப்பதே மருத்துவருக்கு மூலதனம் இட்ட பணியாகும்.

அப்பணியின் எல்லையை மீறி, நோயின் வேரைச் சமுதாய உறவுகளிலே கண்ட மருத்துவர்களும் உளர். பிலிப்பைன்ஸின் கண் மருத்துவரான ஹோசே ரிசால், 1887இல் வெளியிட்ட 'நோலி மே தாஞ்சரே' நாவலில் ஸ்பானிய ஆட்சியையும் துறவியரின் ஆதிக்கத்தையும் தோலுரித்து, தாய்நாட்டைப் பீடித்த புற்றுநோயை வெளிக்காட்டினார். 1896 யூன் மாதத்தில், கதிபூனான் என்னும் இரகசியப் புரட்சி இயக்கம், தன் உறுப்பினரான மருத்துவர் பியோ வலென்சுவேலாவை, டபித்தானுக்கு நாடுகடத்தப்பட்டிருந்த ரிசாலிடம் அனுப்பியது. ஐயம் எழாதிருக்கப் பார்வையிழந்த ஒருவரை நோயாளியாக உடனழைத்துச் சென்றார் வலென்சுவேலா. போதிய ஆயுதமின்றி எழுச்சி தகாதென்பது ரிசாலின் நிலைப்பாடு. எனினும் ஓகஸ்டில், பண்டகசாலை ஊழியராயிருந்த அந்திரேஸ் பொனிபாசியோவின் தலைமையில் எழுச்சி வெடித்தது. அதில் பங்குபெறாத ரிசாலையும் ஆட்சியாளர் டிசெம்பர் 30ஆம் திகதி சுட்டுக்கொன்றனர். நோயை இனங்கண்டது நாவல். சிகிச்சையைக் கையிலெடுத்தவர்கள் மக்கள்.

இவ்வேறுபாட்டை மனங்கொண்டு, தமிழரின் தோட்ட வாழ்வைக் கூறும் மருத்துவர் ஒருவரின் நாவலை அணுகலாம். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டானியல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' 1969இல் வெளிவந்தது, இரா. முருகவேளின் தமிழாக்கத்தில் அது 'எரியும் பனிக்காடு' ஆயிற்று. முன்பணக் கடனிற் சிக்கி மலையேறும் கறுப்பனும் வள்ளியும் பதுளை வாசகருக்கு அந்நியரல்லர். அங்கே மேஸ்திரி, இங்கே கங்காணி. காய்ச்சலையும் கடன் கணக்கையும் ஒரே நோயின் இரு அறிகுறிகளாகக் காண்பதே இந்நாவலின் யதார்த்த வலிமை.

ஆயின் நாவலின் பார்வை பெரும்பாலும் நோயாளியின் படுக்கையருகே நின்றுவிடுகிறது. நம்பிக்கை, நேர்மையான மருத்துவர் ஒருவரின் வருகையோடு வருகிறது. சித்திரிக்கப்படும் காலத்தில் தொழிற்சங்கம் அங்கு வேரூன்றவில்லை என்பதால், இதனை ஆசிரியரின் குறையென்று மாத்திரம் கூறுதல் நியாயமாகாது. எனினும் வரலாறு அங்கே நிற்கவில்லை. 1940இல் பதுளை வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர், சமசமாஜக் கட்சியினரின் தொழிற்சங்கத்தில் அணிதிரண்டு வேலைநிறுத்தஞ் செய்தனர். பொலிசாரையும் எதிர்த்து நின்றனர். எட்டாண்டுகளின் பின், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. துரைமாரின் இடத்துக்கு வந்த சுதேச ஆளும் வர்க்கம், அவர்களை நோயாளிகளாகக் கண்டு இரங்கவில்லை. அணிதிரளக்கூடியவர்களாகக் கண்டு அஞ்சியது.

பகைவன் கண்ட இவ்வுண்மையை நமது நாவல் காணத் தவறலாகாது. தொழிலாளியின் துயரத்தைப் பதிவுசெய்வது மலையக இலக்கியத்தின் முதற்பணி. அவன் தன் வரலாற்றைத் தானே ஆக்கும் ஆற்றலைச் சித்திரிப்பது அதன் அடுத்த பணி. முன்னதற்கு டானியல் நமக்கு வழிகாட்டி. பின்னதற்கு வேவெஸ்ஸ போன்ற தோட்டங்களின் லயங்களையே நாம் நாடவேண்டும்.