தேயும் ஒளியைத் தேடும் கலை

தாம்பரம், சேலையூர், பல்லாவரம் பக்கத்து மொட்டைமாடிகளிலிருந்து பார்த்தால், மீனம்பாக்கம் விமான நிலையமும் ஜி.எஸ்.டி. சாலையும் வானத்தை வெளுக்கவைத்த பிறகு மிஞ்சும் விண்மீன்களை எண்ணிவிடலாம். நமக்கு இருட்டு வானம் வேண்டுமென்றால் வாணியம்பாடி, ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலைமேல் இருக்கும் காவலூருக்குப் போகவேண்டும். அங்கே 1986இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியை, அதன் 2.3 மீட்டர் ஆடிக்காகப் போற்றுகிறவர்கள் அதிகம். நான் போற்றுவது 2000 மார்ச்சில் அது பிடித்த மங்கலான ஒரு புள்ளிக்காக.

பெருநிறை விண்மீன் ஒன்றின் மையம் இடிந்து கருந்துளையாகும்போது, அல்லது இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதி ஒன்றாகும்போது, ஒளிவேகத்தை நெருங்கும் தாரை ஒன்று பீறிடலாம். அதுதான் காமா கதிர் வெடிப்பு. பெரும்பாலும் சில நொடிகள். சில சமயம் சில நிமிடங்கள், மிக அரிதாக அதற்கும் மேல். காமா கதிரை நம் காற்றுமண்டலம் தரைக்கு விடாது, செயற்கைக்கோள்தான் பார்க்கவேண்டும். தாரை சுற்றியுள்ள வாயுவில் மோதி எழுப்பும் பின்னொளி மட்டும் நம் ஆடிகளுக்கு வந்து சேர்கிறது, மணி அடித்து ஓய்ந்தபின் நிற்கும் கார்வையைப் போல. 1967இலேயே அமெரிக்காவின் வேலா செயற்கைக்கோள்கள் ஒரு வெடிப்பைப் பதிவு செய்தன. ஆனால் தரைத் தொலைநோக்கிக்கு முதல் பின்னொளி அகப்பட்டது 1997 பிப்ரவரி 28 வெடிப்பில்தான்.

தேடும் முறை அலாதியானது. செயற்கைக்கோள் காட்டிய பகுதியைப் படமெடுத்து, அதே பகுதியின் பழைய படத்தோடு ஒப்பிட்டு, முன்பு இல்லாத புள்ளியைத் தேடுவார்கள். கிடைத்ததும் நம்பிவிட முடியாது. குறுங்கோளாக இருக்கலாம், காமிராவில் விழுந்த காஸ்மிக் கதிராக இருக்கலாம், பழைய படத்தில் பதியாத மாறொளி விண்மீனாகவும் இருக்கலாம். ஆகவே இரண்டாம் படம், மூன்றாம் படம். புள்ளி இடம் மாறாமல் ஒளி மட்டும் இறங்குகிறதா? வெடித்ததிலிருந்து கழிந்த நேரம் பத்து மடங்கானால், ஒளி ஏறக்குறைய பத்தில் ஒன்றாகவேண்டும். மங்குவதே அதன் அடையாளம். நழுவிப்போகும் ஒன்றை, அது நழுவும் விதத்தை வைத்தே உறுதிசெய்யும் இந்தப் பொறுமைக்கு நான் அடிமை.

2000 மார்ச் 1 வெடிப்பின் பின்னொளியைக் காவலூர் அளந்தது. வெடித்து ஒன்றரை நாள் போல ஆகியிருந்தது. புள்ளி இருபதாம் ஒளித்தரத்துக்கு இறங்கியிருந்தது, அதாவது வெறுங்கண்ணின் எல்லையைவிடப் பல லட்சம் மடங்கு மங்கல். அந்த ஒளி கிளம்பி ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. ஆய்வாளர்கள் பார்கவியும் ராமநாத் கௌசிக்கும் அந்த அளவீடுகளை அதே ஆண்டு வெளியிட்டார்கள். பல நாட்டுத் தொலைநோக்கிகளின் புள்ளிகளைச் சேர்த்தபோது, சீராக இறங்கவேண்டிய கோட்டில் நான்காம் நாள் வாக்கில் ஒரு மேடு தெரிந்தது. வழியில் குறுக்கிட்ட விண்மீன் ஒன்றின் ஈர்ப்பு, ஒளியைத் தற்காலிகமாகக் குவித்திருக்கலாம் என்று சிலர் விளக்கினார்கள்; மறுத்தவர்களும் உண்டு. ஆளுக்கொரு இரவு அளந்து சேர்க்காவிட்டால் அந்த மேடும் இல்லை, விவாதமும் இல்லை.

வெறுங்கண்ணுக்கே எட்டும் அளவு ஒளிர்ந்த 2008 மார்ச் 19 வெடிப்பைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அது நடந்தபோது தாம்பரத்தில் மணி முற்பகல் பதினொன்றே முக்கால். வெடிப்பு யாருடைய இரவுக்கும் காத்திராது. ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே இந்தியாவின் தீர்க்கரேகையில் ஒருவர் விழித்திருந்தால்தான் ஒளி இறங்குவதைக் காட்டும் கோடு அறுபடாமல் நீளும். இப்போது அந்தக் காவலில் லடாக்கின் ஹான்லேயில் 0.7 மீட்டர் குரோத்-இந்தியா தொலைநோக்கியும் உண்டு, தானியங்கி.

இந்தக் கலையில் நான் மிகவும் மதிப்பது, எதுவும் கிடைக்காத இரவின் அறிக்கை. இன்ன நேரத்தில், இன்ன ஒளித்தரம் வரை பார்த்தோம், காணவில்லை என்று சில வரிகள். எக்ஸ் கதிரில் பின்னொளி தெரிந்தும் கண்ணொளியில் தெரியாத வெடிப்பு, தூசுக்குப் பின்னால் மறைந்திருக்கலாம். அல்லது இடையிலுள்ள ஹைட்ரஜன் அதன் கண்ணொளியை முழுக்க விழுங்கிவிடும் தொலைவில், பிரபஞ்சத்தின் இளம்பருவத்தில் நடந்திருக்கலாம். அத்தகைய வெடிப்பை அடையாளம் காட்டும் முதல் துப்பு அந்தச் சில வரிகளில் இருக்கிறது.