கீழிருந்து ஏற முடியாத ஏணி

பிளஸ் டூ முடிவு வந்ததும் ஊருக்கு ஊர் உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகள் தொடங்கிவிடுகின்றன. பொறியியல், மருத்துவம், சி.ஏ. எல்லாம் பேசி முடித்தபின் சமூகப்பணிக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குவது இப்போது வழக்கமாகி வருகிறது. ‘சேவை மனப்பான்மை உள்ளவர்களுக்கு’ என்று தலைப்புப் போட்டு, கீழே ஓர் ஏணியை வரைந்து காட்டுகிறார்கள். பி.எஸ்.டபிள்யூ., அதற்கு மேல் எம்.எஸ்.டபிள்யூ., அதில் ஒரு சிறப்புப் பிரிவு, அதற்கும் மேலே ஆராய்ச்சிப் பட்டம். பதினேழு வயதிலேயே எந்தப் படியில் நிற்கப்போகிறோம் என்று தீர்மானித்துவிட வேண்டுமாம். வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள் வந்து சேரும் துறை என்ற பெயர் இதனால் மாறும் என்று சமூகப்பணி ஆசிரியர்கள் சிலர் இதை ஆதரித்தும் பேசுகிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் நன்மை இல்லாமல் இல்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு எந்தப் பட்டம் எந்த வேலைக்குச் செல்லும் என்று சொல்ல ஆள் வேண்டும். பயிற்சியில்லாத ஒருவர் கவுன்சலர் என்று பலகை மாட்டிக்கொண்டு தற்கொலை எண்ணத்தோடு வருபவருக்கு உபதேசம் செய்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சமூகப்பணியாளருக்கு எம்.எஸ்.டபிள்யூ.வோடு இரண்டாண்டு முழுநேர எம்.பில். பட்டமும் வேண்டும் என்று வரையறுத்தது இந்தப் பயத்தினால்தான். முறையான படிப்பு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே கிடையாது.

ஏணி அவ்வளவு உறுதியாக நிற்கிறதா என்பது வேறு கேள்வி. அந்தச் சட்டம் எம்.பில். கேட்டது, பல்கலைக்கழக மானியக் குழுவோ 2022-இல் எம்.பில். பட்டத்தையே நிறுத்தியது. பிறகு நெருக்கடி புரிந்து, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்குக் கொடுத்தது. பள்ளிப் பருவத்திலேயே அந்தப் படியைக் குறிவைத்துத் திட்டமிட்ட மாணவி யாரிடம் போய்க் கேட்பாள்? ஏணியில் ஏறியவர்களில் கணிசமானோர் கடைசியில் ஆலைகளின் ஹெச்.ஆர். அறையில் இறங்குவதும் ஊரறிந்ததே. 500 பேருக்குக் குறையாத தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்ற 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், சமூகப்பணிக் கல்லூரிகளுக்குப் பல்லாண்டுகள் சோறு போட்டது. அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன், வேலை வேலைதான்.

என் ஆட்சேபம் பழையது. இந்தத் திட்டங்கள் எல்லாமே வகுப்பறையிலிருந்து களத்துக்குப் போகும் பாதையை மட்டுமே வரைகின்றன. களத்திலிருந்து வகுப்பறைக்கு வரும் பாதை எதிலும் இல்லை. மனித சேவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதியை இந்த நாட்டில் இன்று செய்துகொண்டிருப்பவர்கள் ஏணியில் ஏறி வந்தவர்கள் அல்லர். அவர்களுக்கு அந்தப் படத்தில் இடமே கிடையாது.

மக்களைத் தேடி மருத்துவத்தை எடுத்துக்கொள்வோம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் வாங்கியது. அதன் கால்களாக இருப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள். வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். மாத்திரையை வாங்கி வைத்துவிட்டுப் போடாத பெரியவர் எந்த வீட்டில் இருக்கிறார், ஏன் போடுவதில்லை, மருமகளிடம் சொன்னால் நடக்குமா மகனிடம் சொன்னால் நடக்குமா என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. எம்.எஸ்.டபிள்யூ. பாடத்தில் இதற்குத் தனிநபர்ப் பணி, குடும்பப் பணி, சமூக அமைப்பாக்கம் என்று தனித்தனித் தாள்கள் உண்டு. இந்தப் பெண் மூன்றையும் ஒரே தெருவில் ஒரே காலையில் முடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போகிறாள். விருது திட்டத்துக்குக் கிடைத்தது. அவளுக்கு ஒரு கிரெடிட்கூடக் கிடைக்காது.

அங்கன்வாடிப் பணியாளரின் கதை இன்னும் நீண்டது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2-ஆம் நாள். அரை நூற்றாண்டு கழிந்தும் அவர் வாங்குவதற்குச் சம்பளம் என்று பெயரில்லை, மதிப்பூதியம்தான். பணிக்கொடைக்கு அவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கே 2022 ஆனது. மேற்பார்வையாளராகப் பதவி உயர வழி உண்டே என்பார்கள். உண்டு, அது துறைக்குள் நடக்கும் உயர்வு. எடை குறைந்த குழந்தையின் வீட்டில் உண்மையில் நடப்பது என்ன என்று இருபது ஆண்டுகளாகக் கண்டறிந்து வந்தவர், அந்த அறிவைத் தகுதியாக எண்ணி எந்தக் கல்லூரி வாசலிலும் காட்ட முடியாது. காட்டினால் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைக் கேட்பார்கள். குடிநோயிலிருந்து மீண்டு, மறுவாழ்வு மையங்களில் மற்றவர்களை மீட்டெடுக்க உதவும் முன்னாள் நோயாளிகளுக்கும் இதே நிலைதான்.

சட்டமும் இந்தத் திசையில்தான் நகர்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், குழந்தைகள் நலனுக்காக ஏழு ஆண்டுகள் உழைத்தவரைப் பட்டம் இல்லாவிட்டாலும் குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராக ஏற்றது. 2021-இல் வந்த திருத்தம் குறிப்பிட்ட துறைகளில் பட்டத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. தகுதியற்றவர்கள் அரசியல் செல்வாக்கில் நுழைந்தார்கள் என்ற புகாருக்கு இது மருந்து என்றால், செல்வாக்குள்ளவர்களிடம் பட்டம் இருக்காது என்று யார் சொன்னது? வெளியே நிறுத்தப்பட்டவர்கள் செல்வாக்கும் பட்டமும் இல்லாமல் அனுபவம் மட்டும் வைத்திருந்தவர்கள்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று தயாராக இருக்கிறது. அனுபவம் வேறு, தொழில்முறை அறிவு வேறு. பத்து ஆண்டுகள் மருத்துவமனையில் வேலை பார்த்தால் ஒருவர் டாக்டர் ஆகிவிடுவாரா என்று கேட்பார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் உடற்கூறியல் மருத்துவமனை வராந்தாவில் கற்கக் கூடியதன்று. சமூகப்பணியோ களத்தில்தான் கற்க முடியும் என்று அதன் ஆசிரியர்களே சொல்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் மாணவர்களைக் களப்பணிக்கு அனுப்புவதும் அதனால்தான். அங்கே அவர்களுக்கு யார் கற்றுக்கொடுக்கிறார்கள்? காப்பகத்தின் வார்டன் அக்கா, சுகாதார நிலையத்தின் கிராம செவிலியர், அங்கன்வாடி ஆசிரியை. எந்த வீட்டுக்குள் செருப்போடு போகக்கூடாது, எந்தக் கேள்வியைக் கணவன் இருக்கும்போது கேட்கக்கூடாது என்று மாணவிக்குச் சொல்லிக்கொடுப்பது இவர்கள்தான். மாணவி அதை ஆங்கிலத்தில் ரிப்போர்ட்டாக எழுதுகிறாள், மதிப்பெண் வாங்குகிறாள், பட்டம் பெறுகிறாள். சில ஆண்டுகளில் திட்ட ஒருங்கிணைப்பாளராகத் திரும்பி வந்து அதே அக்காவுக்குப் பயிற்சி முகாம் நடத்துகிறாள். மாணவியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. கற்றுக்கொடுத்தவரின் அறிவை அறிவென்று ஏற்க மறுத்து, அதை எழுதி வைத்தவருக்கு மட்டும் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாட்டின் மேல்தான்.

இந்தக் கல்வியின் சொந்த வரலாறும் இதற்கு எதிர்ச்சாட்சி. இந்தியாவின் முதல் சமூகப்பணிப் பள்ளி 1936-இல் பம்பாயில் சர் தோரப்ஜி டாடா பெயரில் தொடங்கியபோது, அதற்கு விதையாக இருந்தது நாக்பாடாவின் நெரிசலான தெருக்களுக்கு நடுவே கிளிஃபோர்டு மான்ஷார்ட் நடத்திவந்த அக்கம்பக்க இல்லம். முதலில் வேலை நடந்தது. பிறகுதான் அதற்குப் பாடம் எழுதினார்கள். சென்னையில் 1952-இல் சமூகப்பணிப் பள்ளியை உருவாக்கிய மேரி கிளப்வாலா ஜாதவ், அதற்கு முன்பே பல ஆண்டுகள் கில்ட் ஆஃப் சர்வீஸ் வழியாக உழைத்தவர்; களம்தான் அவரைத் தயாரித்தது. நிறுவியவர்கள் நடந்து வந்த வழியை நிறுவனங்கள் அடைத்துவிட்டன.

அடைக்கவில்லை, தொலைநிலைக் கல்வி இருக்கிறதே என்று ஒரு பேராசிரியர் சொல்லலாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பி.எஸ்.டபிள்யூ.வும் எம்.எஸ்.டபிள்யூ.வும் தருவது உண்மை, பாராட்டவும் வேண்டும். ஆனால் இருபது ஆண்டு களத்தில் இருந்தவரும் அங்கே நேற்று வந்த மாணவரைப் போலக் களப்பணியை முதல் நாளிலிருந்து தொடங்கி நாட்குறிப்பு எழுத வேண்டும். 2023-இல் வெளியான தேசிய கிரெடிட் கட்டமைப்பு, வேலை அனுபவத்துக்கும் கிரெடிட் தரலாம் என்று காகிதத்தில் சொல்லிவிட்டது. அதைத் தங்கள் சேர்க்கை விளக்கேட்டில் முதலில் அச்சிட வேண்டியது சமூகப்பணித் துறைகள்தான். இங்கிலாந்தில் உள்ளாட்சியில் வேலை பார்த்துக்கொண்டே சமூகப்பணிப் பட்டம் பெறும் பயிற்சிநிலைத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. அங்கே தரம் சரிந்துவிட்டதாக யாராவது இங்கே வருத்தப்பட்டுக் கேட்டதுண்டா?

நம் துறைகள் தயங்குவதற்குத் தரம் காரணம் என்று நான் நம்பவில்லை. ஒரு அங்கன்வாடி ஆசிரியை வகுப்பில் மாணவியாக உட்கார்ந்தால் பாதிப் பாடம் மறுகேள்விக்கு உள்ளாகும். அமெரிக்கப் புத்தகத்திலிருந்து எடுத்த குடும்பப் பணி மாதிரியை விளக்கும் ஆசிரியரிடம், எங்கள் தெருவில் இது எப்படி நடக்கும் சார் என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்குத்தான் பயம். கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றலாம். பாடத்திட்டக் குழுக்களில் களப்பணியாளர் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு மறுக்கட்டும்.

தன்னாட்சிக் கல்லூரிகளின் சமூகப்பணித் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுச் சேர்க்கையில் ஒவ்வொரு வகுப்பிலும் பத்து இடங்களைக் களத்தில் ஐந்தாண்டு வேலை பார்த்தவர்களுக்கு ஒதுக்குங்கள். அவர்கள் செய்த வேலையை மதிப்பிட்டு களப்பணி கிரெடிட்டில் பாதியையாவது கொடுங்கள். வகுப்பைச் சனி, ஞாயிறுகளில் வையுங்கள், தேர்வைத் தமிழில் எழுத விடுங்கள். பிளஸ் டூ மாணவர்களுக்கு ஏணிப் படம் வரைந்து கொடுப்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.