'எளியது' என்ற ஒரு சொல்

குறட்டை விடுகிறவரைக் கண்டால் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் குறட்டை திடீரென்று நின்று, பத்து, இருபது, முப்பது விநாடிகள் மூச்சே ஓடாமல் இருந்து, பிறகு பெருந்திணறலுடன் மீண்டும் தொடங்குமானால் அது சிரிப்புக்குரியதன்று. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும்போது சிலருக்குக் காற்றுப்பாதை அடைபட்டுவிடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை கணப்பொழுது விழித்துப் பாதையைத் திறக்கச் செய்கிறது. நோய் கடுமையாக இருப்பின் இது ஓரிரவில் நூற்றுக்கணக்கான தடவை நிகழும். உறங்குகிறவரோ இதை அறியார். பகலில் தூங்கி வழிவதும், வண்டி ஓட்டும்போது கண்ணயர்வதுமே அவர் அறிந்தவை. இந்நோய்க்கு உறக்க மூச்சுத்தடை என்று பெயர்.

இதற்கான சிகிச்சையையே மாற்றியமைத்த ஆய்வுக் கட்டுரை 1981ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. எழுதியவர்கள், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரைச் சேர்ந்த காலின் சல்லிவனும் துணை ஆய்வாளர் மூவரும். நான்கே பக்கங்கள், ஐந்தே நோயாளிகள். அதற்கு முன்பு, கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலில் குழாய் வைப்பதே உறுதியான வழியாக இருந்தது. சல்லிவன் குழுவினர் கத்தியை எடுக்கவில்லை. மூக்கின் வழியே இடைவிடாமல் காற்றைச் செலுத்தினர். அதன் அழுத்தம் 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீர் உயரம். அதாவது வளிமண்டல அழுத்தத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. முறிந்த எலும்பை மூங்கில் பத்தை தாங்குவதுபோல அந்தக் காற்றே தொண்டையைத் தாங்கி நின்றது. ஐவருக்கும் மூச்சுத்தடை அறவே நீங்கியது. இரவு முழுவதும் நன்கு உறங்கினர். இம்முறையை மருத்துவர்கள் சுருக்கமாகச் 'சிபாப்' என்பர்.

உடலியங்கியல் நோக்கில் இக்கட்டுரையில் குறை காண்பது அரிது. நோய் எவ்வாறு உண்டாகிறது என்ற விளக்கமும், அதை எவ்வாறு தடுக்கலாம் என்ற வழியும் ஒரே சோதனையில் கிடைத்தன. ஆயினும் அதன் சுருக்கவுரையில் உள்ள இரண்டு சொற்களை நாம் ஆராய வேண்டியுள்ளது. மூக்குமூடி 'வசதியானது' என்றும், சிகிச்சை 'எளியது' என்றும் அது கூறுகிறது. மூக்கில் பொருத்திய மென்குழாய்களைச் சுற்றி, விரைவில் இறுகும் சிலிக்கோன் ரப்பரால் அடைத்த அமைப்பு அது! ஆய்வுக்கூடத்தில், அருகே வல்லுநர் கண்விழித்திருக்க, ஓரிரவு அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சிபாப், நோயை வேரறுக்கும் மருந்தன்று. மூடியைக் கழற்றினால் தொண்டை பழையபடி அடைபடும். ஆகவே ஆண்டுக்கணக்கில், ஒவ்வோர் இரவும், வீட்டில், தாமாகவே அணிந்துகொள்ள வேண்டும். அது எளியதா என்பதை அந்த ஐவரின் இரவுகளைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

விடை 1993இல் கிடைத்தது. அமெரிக்காவில் 35 நோயாளிகளின் கருவிகளுக்குள்ளேயே நேரத்தைப் பதிவு செய்யும் அமைப்பை வைத்து ஆராய்ந்தார்கள். நாள்தோறும் பயன்படுத்துவதாகக் கூறியவர்கள் நூற்றுக்கு 60 பேர். ஆனால் நூற்றுக்கு 70 நாட்களாவது, நாளொன்றுக்கு 4 மணி நேரமாவது பயன்படுத்தியவர்கள் 16 பேர்தாம்.

மற்றவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று தள்ளிவிடலாமா? அவர்களுடைய இரவை எண்ணிப் பாருங்கள். எதிர்க்காற்றில் மூச்சு விடுவதுபோன்ற உணர்வு. மூடியின் ஓரத்தில் கசியும் காற்று கண்ணில் வீசும். மூக்கு வறண்டு அடைத்துக்கொள்ளும். வாய் திறந்தால் காற்று வெளியேறும். விழுங்கிய காற்றினால் வயிறு உப்பும். சிலருக்கு முகத்தை மூடியதுமே அச்சம் வரும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பரிகாரம் உண்டு. முகத்துக்கேற்ற அளவில் வேறு மூடி, காற்றை ஈரப்படுத்தி வெதுவெதுப்பாக்கும் கலம், மூக்கடைப்புக்கு மருத்துவம், பகலில் நாளிதழ் படிக்கும்போது சிறிது நேரம் அணிந்து பழகுதல் ஆகியவை கைகொடுக்கும். முதற்சில நாட்களில் விளக்கமும் ஆதரவும் பெற்றவர்கள் கூடுதல் நேரம் பயன்படுத்துவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

இன்னொன்றையும் கூற வேண்டும். ஆய்வாளர்கள் கணக்கிடும் வசதிக்காக வகுத்த அந்த 4 மணி நேரம், நாளடைவில் தேர்ச்சி மதிப்பெண்போல ஆகிவிட்டது. 2008இல் அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அதையே அளவாகக் கொண்டது. ஆனால் கனவு மிகுந்த உறக்கநிலை பெரும்பாலும் விடியலை ஒட்டியே வருகிறது. பலருக்கு மூச்சுத்தடை கடுமையாவதும் அப்போதுதான். நள்ளிரவுக்குப்பின் மூடியைக் கழற்றிவிட்டவர் கணக்கில் தேறலாம். அவருடைய தொண்டை தேறுவதில்லை. அணியும் நேரம் கூடக்கூடப் பகல் தூக்கம் நீங்கி இயல்பு நிலை பெறுவோரும் கூடுவதை 2007ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது.

இவ்வேறுபாடு பெரிய ஆய்வுகளின் பொருளையும் மாற்றுகிறது. 2016இல் வெளிவந்த 'சேவ்' ஆய்வில், ஏற்கெனவே இருதய நோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ உள்ள 2,700க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். சிபாப் அவர்களுக்கு மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்ததாகத் தெரியவில்லை. பகல் தூக்கமும் மனநிலையும் சீரடைந்தன. சராசரியாக அவர்கள் அணிந்தது இரவுக்கு 3.3 மணி நேரமே. எனவே 'சிபாப் இருதயத்தைக் காக்காது' என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். நேரம் கூடியிருந்தால் காத்திருக்கும் என்று உறுதி கூறுவதும் அதே அளவு அவசரமே.

சல்லிவன் குழுவின் கட்டுரை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய ஒன்று. ஐந்து பேரைக் கொண்டு ஓர் உண்மையை எவ்வளவு தெளிவாக நிறுவலாம் என்பதை அது கற்பிக்கும். ஆனால் தொண்டையில் காற்று நிகழ்த்திய வெற்றியையும் மனிதர் அதற்குப் பழகும் பாட்டையும் அது ஒன்றாக்கிவிட்டது. இதன் சுமை நோயாளியின் தலையில் விழுகிறது. எளியது என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட ஒன்றை முதல் வாரத்தில் செய்ய முடியாமல் தவிப்பவர், குறை தம்மிடமே என்று எண்ணிக் கருவியை அலமாரியில் வைத்துவிடுகிறார். தொடக்கத்திலேயே, "இது கடினம், பழகச் சில வாரங்கள் ஆகலாம், தொல்லை எதுவாயினும் வந்து சொல்லுங்கள்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவர் இன்னொரு மூடியைக் கேட்டு வந்திருப்பார்.