இரவல் குழலில் சொந்தக் குரல்

கருவி அயலாருடையதாயின் அதில் எழும் இசையும் அயலாருடையதே என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் நம்மவரோடு வாழ்ந்த கோலார் தங்கவயலில் மேனாட்டு வாத்தியங்கள் புதியன அல்ல. எனினும் அவற்றை 'அவர்கள் இசை' என்றே நாம் ஒதுக்கி வந்தோம். அஃது எத்துணைப் பொருந்தும் என்பதைச் சாக்ஸபோன் ஏந்திய மூவரைக் கொண்டு ஆராய்வோம்.

பெல்ஜியம் நாட்டு அடால்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை பெற்ற இக்கருவியை, அமெரிக்கக் கறுப்பின மக்கள் பின்னாளில் தம் ஜாஸ் இசைக்கு உரியதாக்கிக்கொண்டனர். அவருள் சார்லி பார்க்கர் (1920–1955) விரைவின் வேந்தர். ஒரு பாட்டின் மெட்டை விடுத்து, அதன் அடியில் நகரும் சுரக்கூட்டுகளை மட்டும் பற்றிக்கொண்டு, புதுப்புது மெட்டுகளை மேடையிலேயே புனைந்தார். ஜான் கோல்ட்ரேன் (1926–1967) வேறு வழி கண்டார். 1961இல் வெளிவந்த 'மை ஃபேவரிட் திங்ஸ்' இசைத்தட்டில் ஓரிரு சுரக்கூட்டுகளின் மேலேயே நெடுநேரம் நின்று விரித்துச் செல்கிறார். நம் ராக ஆலாபனையில் ஊறிய செவிக்கு அஃது அந்நியமாகத் தோன்றாது.

மூன்றாமவர் கர்நாடக மாநிலத்தவரான கத்ரி கோபால்நாத் (1949–2019). நாகசுரக் கலைஞரின் மைந்தர். மைசூர் அரண்மனை பாண்டு வாத்தியத்தில் சாக்ஸபோனைக் கண்டு அதன்மேல் காதல் கொண்டார். விசைகள் நிறைந்த இக்குழலில் கமகம் பிறக்குமா என்னும் ஐயம் இயல்பே. உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சின் அளவாலும் சுரங்களைக் குழைத்து, அவ்வையத்தை அவர் போக்கினார். கருவி மேனாட்டினது, மூச்சோ தந்தையின் நாகசுரத்தினது.

குறையும் கூறவேண்டும். அதிவிரைவான பகுதிகளில், கைதட்டலுக்காக ராகத்தின் அமைதியை அவர் விட்டுக்கொடுத்ததாக நமக்குத் தோன்றும் இடங்கள் உண்டு. பார்க்கருக்கு விரைவே மொழி. கத்ரிக்கு அது வெறும் அணி. விளம்ப காலத்திலேயே அவர் முழுமையாக வெளிப்படுகிறார்.

இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா, 2008இல் கத்ரியுடன் இணைந்து 'கின்ஸ்மென்' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். உறவினர் என்பது அச்சொல்லின் பொருள். ஒரே கருவியை ஏந்திய இருவரும் ஒருவரையொருவர் போலி செய்யவில்லை. அவரவர் உச்சரிப்போடே உரையாடுகின்றனர். அத்தொகுப்பின் உயர்வு இதுவே.

2001இல் சுரங்கம் மூடப்பட்டபின், பிழைப்பு நாடிப் பெங்களூருக்கும் அப்பாலும் நம் பிள்ளைகள் செல்கின்றனர். வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமும் அலுவலகத்தில் ஆங்கிலமும் பேசும் அவர்கள் தம் குரலை இழந்துவிடுவரோ என நாம் அஞ்சுகிறோம். கத்ரியின் இசை நமக்கு ஆறுதல் தருகிறது; கூடவே ஒரு கடமையையும் நினைவூட்டுகிறது. அவர் கையில் குழல் வருமுன்னரே காதில் நாகசுரம் குடியேறியிருந்தது. நம் பிள்ளைகளின் காதில் நாம் எதைக் குடியேற்றியிருக்கிறோம்?