ஒன்பது மில்லிகிராம் ஹைட்ரஜன்

நீரைப் பிரிக்கும் நானோ தாள் வினையூக்கிகள் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் எதை எடுத்தாலும் முதல் பத்தி ஒன்றுதான். பூமி சூடாகிறது, எரிபொருள் தீர்கிறது, பசுமை ஹைட்ரஜன் வந்து காப்பாற்றும். இந்த வாக்கை நம்பி முடிவு அட்டவணைக்குப் போனால் அங்கே வேறு கதை. இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வருகிறது: 'இது அடிப்படை ஆய்வு, ஆலைக் கணக்கை இதனிடம் கேட்கக் கூடாது.' நல்லது. அப்படியானால் ஆலையின் பெயரைச் சொல்லி ஏன் தொடங்க வேண்டும்?

இந்தத் துறை சாதித்ததை மறுக்கவில்லை. மாலிப்டினம் டைசல்பைடில் வேலை செய்வது தாளின் பரப்பல்ல, அதன் விளிம்பு என்று காட்டியது பெரிய காரியம். கேரளத்தில் பொன்முடி அடிவாரத்து விதுராவில் இன்று இருக்கும் ஐசர் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து 2014-இல் வந்த ஆய்வு, அந்தத் தாள்களை ஒலியதிர்வால் உரித்து, இடையிடையே அதே பொருளின் குவாண்டம் புள்ளிகளைப் பதித்து, ஹைட்ரஜன் பிரிவதை எளிதாக்கியது. நேர்த்தியான வேதியியல். நிக்கல்-இரும்பு ஹைட்ராக்சைடுத் தாள்களோ, ஆக்ஸிஜன் பக்கத்தில் அரிய உலோகமான இரிடியத்துக்கு ஈடாகக் காரக் கரைசலில் வேலை நடத்தலாம் என்று காட்டின. இவ்வளவும் வரவு.

என் சண்டை அளவுகோலோடு. சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்துக்கு எத்தனை மில்லி வோல்ட் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பதே இங்கே மதிப்பெண். சூரிய ஒளியில் நேரடியாக நீரைப் பிரிக்கும், சுமார் பத்து சதவீதத் திறனுள்ள கருவியை மனத்தில் வைத்து வந்த எண் அது. ஆலையில் மின்சாரத்தால் நீரைப் பிரிக்கும் எலக்ட்ரோலைசருக்கு அதோடு உறவில்லை. வழக்கமான சோதனை இதுதான்: கட்டைவிரல் நகமளவு நிக்கல் நுரைத் துண்டு, அதன்மேல் கறுப்பாக ஒரு பூச்சு, அறை வெப்பத்தில் ஒரு மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. 24 மணி நேரம் ஓட்டி, மின்னோட்டக் கோடு கீழே சரியவில்லை என்றால் 'சிறந்த நிலைத்தன்மை' என்று எழுதிவிடலாம்.

அந்த 24 மணி நேரத்தில் எவ்வளவு ஹைட்ரஜன் கிடைத்தது? ஃபாரடே கணக்குப்படி, ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து ஏறக்குறைய 9 மில்லிகிராம். அதே துண்டிலிருந்து ஒரு கிலோ எடுக்க முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகும்.

ஆலையில் நிலவரம் வேறு. கார எலக்ட்ரோலைசர் சதுர சென்டிமீட்டருக்கு 200 முதல் 400 மில்லி ஆம்பியரில், முப்பது சதவீதக் காரத்தில், 70–90 டிகிரி சூட்டில் ஓடுகிறது. 60,000 மணி நேரமாவது உழைக்க வேண்டும். 24 மணி நேரம் என்பது அதில் 0.04 சதவீதம். விதுராக் கடைத்தெருவில் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறும் என்று சான்றிதழ் தருவதுபோல.

உண்மையான சோதனை ஆலையில்தான் தொடங்குகிறது. மின்னோட்டம் ஏற ஏற குமிழிகள் தாளை மூடுகின்றன, பிய்த்துத் தள்ளுகின்றன. வெயில் மங்கி மின்சாரம் நிற்கும்போது மின்னோட்டம் திரும்பிப் பாய்கிறது, உலோகம் கரைகிறது. தாள் எவ்வளவு மெலிதோ அவ்வளவு சீக்கிரம் இழப்பு தெரியும். எதைப் பெருமையாகச் சொல்கிறார்களோ அதுவே பலவீனம். வினையூக்கியால் 50 மில்லி வோல்ட் மிச்சமானால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 1.3 யூனிட் மின்சாரம் மிச்சம். மொத்தத் தேவை ஐம்பது யூனிட்டுக்கு மேல். அந்த மிச்சம் ஏழு வருடம் நீடித்தால் லாபம். ஏழு நாளில் உதிர்ந்தால் மின்முனையை மாற்றும் செலவுதான் மிஞ்சும்.

இதெல்லாம் வெளியாள் குறை அல்ல. காரைக்குடி சிக்ரி மின்வேதியியல் ஆய்வகத்திலிருந்து அனந்தராஜ், குண்டு முதலானோர் 2018-இல் இந்த மதிப்பீட்டு முறைகளின் பிழைகளை வரிசையாக எழுதினார்கள். துறைக்குள்ளிருந்தே வந்த எச்சரிக்கை அது. அதன் பிறகும் 10 மில்லி ஆம்பியரின் அரசாட்சி முடியவில்லை.

ஏன் மாறவில்லை? ஆயிரம் மணி நேரமாவது ஓட்டிப் பார்க்கலாமே என்றால், அது ஆறு வாரம். ஆறு வாரம் சோதனையை ஓட்டும் பொட்டென்ஷியோஸ்டாட் கருவியை ஒரே துண்டுக்குப் பூட்டி வைத்தால் வரிசையில் நிற்கும் மற்ற மாணவர்கள் என்ன செய்வார்கள்? அதற்குள் இன்னும் மூன்று தாள்களைச் செய்து, மூன்று கட்டுரை அனுப்பிவிடலாம். முனைவர் பட்டத்துக்கு எண்ணிக்கை தேவை. நீடித்து உழைத்ததற்கு யாரும் மதிப்பெண் தருவதில்லை. மாணவரைக் குறை சொல்லவில்லை. பூ வடிவத் தாள்களின் மின்னணு நுண்ணோக்கிப் படத்தை முதல் பக்கத்தில் போட்டதும் திருப்தியாகும் மதிப்பீட்டாளரைச் சொல்கிறேன். இதை வினையூக்கி ஆராய்ச்சி என்பதைவிடப் படம் பிடிக்கும் கலை என்பதே பொருத்தம்.

இந்திய அரசு 2023 ஜனவரியில் ஒப்புதல் தந்த பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். ஆராய்ச்சிக்கு 400 கோடி. 2030-க்குள் ஆண்டுக்கு ஐம்பது லட்சம் டன் என்பது இலக்கு. அந்த டன்களைத் தரப்போவது ஆண்டுக்கணக்கில் அலுக்காமல் ஓடும் மின்முனைகள். இது புதிதல்ல: பக்ரா அணை மின்சாரத்தில் நீரைப் பிரித்து நங்கல் உர ஆலை ஹைட்ரஜன் எடுத்தது அறுபது ஆண்டுக்கு முன்பு. அன்று நானோ தாள் என்ற பேச்சே ஆய்வுக்கூடத்தில் இல்லை.

ஆகவே கேட்பது இரண்டில் ஒன்று. ஆயிரம் மணி நேரம், 400 மில்லி ஆம்பியர், சூடான காரம், நடுவில் நிறுத்தி நிறுத்தித் தொடங்கும் சோதனை: இந்த அட்டவணையைத் தாருங்கள். முடியாதென்றால், அந்த முதல் பத்தியை அடித்துவிட்டு, 'விளிம்பில் என்ன நடக்கிறது என்று பார்த்தோம்' என்று தொடங்குங்கள். அதுவும் மதிப்பான வேலைதான்.