கைக்கெட்டும் தூரம்

மீன் பிடிக்கிற கதை என்றால் எனக்குக் கொஞ்சம் சபலம் உண்டு. தூண்டிலைக் கையால் தொட்டவன் அல்ல நான். ஆனாலும் அந்தக் கதைகளில் எது நிஜம், எது போலி என்று கண்டுகொள்ள எனக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. மீன் தூண்டிலில் சிக்குகிற இடத்தை யார் வேண்டுமானாலும் விறுவிறுப்பாக எழுதிவிடலாம். சிக்கிய மீன் படகுக்கு வந்து சேருகிற இடத்தைப் பார்க்க வேண்டும். தெரியாமல் எழுதுகிறவன் அங்கேதான் அகப்பட்டுக்கொள்ளுகிறான்.

சமீபத்தில், கயாக் படகில் தனியாகப் போய்ப் பெரிய பைக் மீன் பிடிக்கிறவர்கள் எழுதிய அனுபவக் குறிப்புகள் சிலவற்றைப் படித்தேன். பைக் என்றதும் மோட்டார் சைக்கிளை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் வட அமெரிக்காவிலும் ஏரி, ஆறுகளில் வாழும் மீன் அது. நம் ஊர் விராலைப் போல நீர்ச்செடிகளுக்கு நடுவே அசையாமல் கிடந்து, இரை அருகில் வந்ததும் பாய்கிற ஜாதி. வாத்தின் அலகு மாதிரி நீண்ட வாய். வாய் நிறையப் பற்கள். நைலான் நரம்பைக் கடித்து அறுத்துவிடும் என்பதால், தூண்டில் முள்ளுக்கு மேலே கொஞ்ச தூரம் கம்பி கட்டித்தான் இதைப் பிடிக்கிறார்கள். ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். 1986-இல் ஜெர்மனியில் தூண்டிலில் அகப்பட்ட ஒன்று 25 கிலோ இருந்தது.

கயாக்கோ, வட துருவத்து இனூயிட் மக்கள் கடல்நாய் வேட்டைக்காகத் தோலைப் போர்த்திச் செய்த ஒடுங்கிய படகு. இன்றைக்குப் பிளாஸ்டிக்கில் வார்த்து விற்கிறார்கள். அதில் உட்கார்ந்தவனுடைய இடுப்பு கிட்டத்தட்டத் தண்ணீர் மட்டத்தில் இருக்கும். பெரிய மீனைச் சந்திக்க அவ்வளவு வசதியான ஆசனம் என்று சொல்ல முடியாது.

குறிப்புகளை எழுதியவர்கள் எழுத்தாளர்கள் அல்ல. நடைக்காக அவர்களைப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் நான் தேடுகிற அந்த இடத்தில் அவர்கள் தவறுவதில்லை. மீன் இழுக்கிறது; படகு அதன் பின்னாலேயே போகிறது. படகு விட்டுக்கொடுப்பதால் நரம்பு அறுவதில்லை. படகின் பாரத்தை இழுத்து மீனும் களைக்கிறது. இதுவரை சுகமான சவாரிதான். பிறகு மீன் சாதுவாகப் பக்கத்தில் வருகிறது. வேலை முடிந்தது என்று தோன்றுகிறது. படகைக் கண்டதும் ஒரே பாய்ச்சலில் அடியில் நுழைகிறது. தூண்டில் கோல் வில்லாக வளைந்து படகைப் பக்கவாட்டில் சாய்க்கப் பார்க்கிறது. அப்போது மீனை எட்டிப் பார்க்கக் குனிந்தவன் தண்ணீரில்தான் இருப்பான். தலை படகின் விளிம்பைத் தாண்டக் கூடாது. மேலே உட்காருகிற மாதிரிப் படகானால் கால்களை இருபுறமும் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். கோலின் நுனியைப் படகின் மூக்கைச் சுற்றிக் கொண்டுபோய் நரம்பை மறுபக்கம் மாற்ற வேண்டும்.

அதற்கப்புறம் ஒரு தர்மசங்கடம். களைக்காத மீனை அவசரப்பட்டு ஏற்றினால், பல்லும் முள்ளுமாக அது மடியிலே கிடந்து துள்ளும். பயந்துகொண்டு அதிக நேரம் களைக்க விட்டாலோ, திரும்ப நீரில் விட்ட பிறகு மீன் பிழைக்காது. நீர் வெதுவெதுப்பாக உள்ள காலத்தில் கேட்கவே வேண்டாம். தன் உயிருக்கும் மீனின் உயிருக்கும் நடுவிலே சரியான நிமிஷத்தை அந்த மனிதன் தனியாக உட்கார்ந்து தீர்மானிக்கிறான். வலைக்குள் மீனைத் தண்ணீரிலேயே நிறுத்தி, செவுளின் இதழில் படாமல் தாடையோரமாக விரலை நுழைத்துப் பிடித்து, நீண்ட குறட்டால் முள்ளை எடுக்கிறான். இந்த இடம் எனக்குச் சிறுகதையாகவே பட்டது.

சின்னப் படகு, தனி மனிதன், பெரிய மீன் என்றதும் வாசகர்களுக்கு ஹெமிங்வேயின் ஞாபகம் வந்திருக்கும். 1952-இல் வெளியான 'கிழவனும் கடலும்' நாவலில் கிழவனுக்குக் கிடைக்கிற மர்லின் மீன் அவனுடைய படகைவிட இரண்டடி நீளம். அதைப் படகில் ஏற்றவே முடியாது. பக்கத்தில் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் வர வேண்டும். அதனால் சுறாக்கள் வருகின்றன. விமரிசகர்கள் அந்தச் சுறாக்களுக்கு எத்தனையோ தத்துவார்த்தம் சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த இரண்டடி போதும். ஆசிரியர் அளவைச் சரியாகச் சொன்னார். தத்துவம் அதற்குப் பின்னால் தானே வந்தது.

பைக் மீனுக்கு ஒரு காவியத்திலேயே இடம் உண்டு. எலியாஸ் லொன்ரோட் பின்லாந்தின் நாட்டுப் பாடல்களைத் தொகுத்து 1835-இல் வெளியிட்டு, 1849-இல் விரிவாக்கிய 'கலேவலா'வில் வீரர்களின் படகு நடுவழியில் நின்றுவிடுகிறது. பார்த்தால் ஒரு பிரம்மாண்டமான பைக்கின் முதுகு. வாளை ஓங்கிய ஒருவன் தண்ணீரில் விழுகிறான். இன்னொருவன் வாள் நொறுங்குகிறது. முதியவன் வைனமோயினன் குத்தித் தூக்கும்போதும் மீன் இரண்டாகிறது. வால் அடியில் போக, தலைப் பக்கம்தான் படகுக்கு வருகிறது. அந்தத் தாடை எலும்பில் அவன் ஒரு யாழ் செய்து வாசிக்கிறான்; கேட்டவர்களோடு அவனும் அழுகிறான். மந்திரமும் மாயமும் நிறைந்த காவியம். ஆனாலும் பெரிய மீன் சிறிய படகுக்குச் சுலபமாக வராது என்பதை அந்தப் பாடகர்கள் மறக்கவில்லை. ஏரியோரத்தில் வாழ்ந்தவர்களுடைய பாட்டு அது.

நம் கயாக்காரர்களிடம் எனக்குள்ள குறையும் இங்கேதான். அத்தனை நிதானமாக மீனைக் கைக்குக் கொண்டுவந்தவர்கள், நீளத்தையும் எடையையும் எழுதி, திரும்ப விட்டேன் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். மீனைத் தண்ணீரில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்து, அது தானே வாலை அசைத்து நழுவிப் போகிறவரை காத்திருக்கிறார்களே, அப்போது அவர்களுக்கு மனத்தில் என்ன நடந்தது? அதை எழுதியிருந்தால் அது இலக்கியம்.

ஆனால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றுகிறது. முந்நூறு பக்கம் நரம்பை நிதானமாக விட்டுவிட்டு, கடைசிப் பத்துப் பக்கத்தில் வெடுக்கென்று இழுத்து முடித்த நாவல்கள் என்னுடையவற்றிலும் உண்டு. பாத்திரங்கள் படகில் வந்து விழுந்தார்கள். உயிரோடு வந்தார்களா என்பது வேறு விஷயம். கையில் எழுதிக்கொண்டிருக்கிற நாவலின் கடைசி அத்தியாயத்தை நேற்று ராத்திரி மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். இன்னும் இரண்டு மாதம் அது தண்ணீரிலேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டேன்.